தோப்புக்கரணம் சாரின் முட்டி

தன் பாவத்துக்காகத் தோப்புக்கரணம் போட்டவர்கள் இந்த உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். ஊரான் வீட்டுப் பிள்ளைகள் செய்த பாவத்துக்கெல்லாம் குந்தி எழுந்தே முட்டி தேய்ந்துபோன மனுஷர் ஒரே ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய குடோனில் இருந்தார். இதைப் பிள்ளையார் மேல் ஆணையாகச் சொல்வேன். பிள்ளையாருக்கே அவர் அத்தனை போட்டதில்லை.

எங்கள் தெரு மண்டிக்குப் பின்னால் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரும் காலத்தில் தெரு முழுக்கத் தோல் பறக்கும். சோற்றில் விழும், சாமி படத்தில் ஒட்டும். என் வீட்டுக்காரர் மண்டி வாசலில் சாக்குக் கடை வைத்திருக்கிறார். தோல் கொட்டி வைத்திருந்த பழைய குடோன் ஒன்று எங்களுக்கு உண்டு. அதை வாடகைக்குக் கேட்டு ஒருநாள் காலையில் ஒரு பருத்த மனுஷர் வந்து நின்றார். அக்குளில் ஒரு கேரம் போர்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். வேறு சாமான் இல்லை.

என்ன தொழில் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பசங்க கூட உக்காந்து பேசறதுதாங்க என் வேலை."

"அதுக்கு சம்பளம் வேற குடுக்கிறாங்களா? எங்க தெருவுல அத ஓசியிலேயே பண்ணிக்கினு கெடக்கிறானுங்க."

அப்புறம்தான் அவர் விளக்கமாகச் சொன்னார். ஒரு தொண்டு நிறுவனம் அவரை அனுப்பியிருக்கிறது. படிப்பை விட்டவன், வேலை இல்லாதவன், குடிக்கப் பழகினவன், போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்தவன், இப்படிப்பட்ட பையன்களோடு பழகி அவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும். என் வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாடகையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால் போதும், வழிக்குக் கொண்டுவருவது உங்கள் பாடு என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

பையன்களுக்குப் பஞ்சம் இல்லை. தெருவுக்குப் பின்னால் காலனி. அங்கே பெண்கள் மல்லாட்டை உடைக்கப் போவார்கள், ஆண்கள் மூட்டை தூக்குவார்கள். பையன்கள் எட்டாவது, ஒன்பதாவதோடு நின்றுவிட்டு மண்டிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவில் எது காணாமல் போனாலும் அவர்கள் பேர்தான் அடிபடும். காணாமல் போன பொருள் பரணிலேயே கிடைத்தாலும், அவனுங்கதான் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருப்பானுங்க என்பார்கள்.

அவர்களில் சைலன்சர் என்று ஒருவன். பைக்கில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவான். அவன் தெருவுக்குள் திரும்பினால் என் பூஜை அறையில் மணி தானாக ஆடும். அவன் அம்மா தனம் எங்கள் வீட்டுக்கு மல்லாட்டை உடைத்துக் கொடுக்க வருவாள். மூத்த மகன் அடிதடி கேஸில் உள்ளே போய்விட்டான். சார் வந்த அன்றைக்கே தனம் குடோன் வாசலில் போய் நின்றாள்.

"பெரியவன் ஜெயில்ல கீறான் சார். இவனும் அந்த வழியிலதான் போய்க்கினு கீறான். இவன் ஒருத்தன ஒரு வேலையில உக்கார வச்சிடு. ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

உட்கார வைத்துவிட்டுத்தான் இந்த ஊரை விட்டுப் போவேன் என்று சார் வாக்குக் கொடுத்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முதல் நாள் பையன்களை வட்டமாக உட்கார வைத்துப் பேசினார். அவர்கள் நல்ல மரியாதையோடு கேட்டுவிட்டு, போகும்போது அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் நாள் கேரம் விளையாடினார்கள். அதோடு சிவப்புக் காய் போனது. மூன்றாம் நாள் சைலன்சர் பைக்கைத் தூக்கி ஒற்றைச் சக்கரத்தில் வந்து பால்காரரின் சைக்கிளில் மோதினான். கேன் கவிழ்ந்து தெரு முழுக்கப் பால் ஓடியது. நாய்களுக்கெல்லாம் அன்றைக்குத் தீபாவளி.

பால்காரர் கத்தினார். தெருவே கூடியது. யாராவது அவனை அறைவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம். அப்போது சார் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பால்காரர் முன்னால் நின்றார். இரண்டு கையையும் குறுக்கே போட்டுக் காதைப் பிடித்தார். குந்தினார், எழுந்தார். மறுபடியும் குந்தினார். அந்த உடம்போடு.

பால்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ சாமி காரியம் என்று நினைத்து அவரும் காதைப் பிடித்துக்கொண்டு குந்த ஆரம்பித்துவிட்டார். பால் ஓடுகிற தெருவில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகக் குந்தி எழுந்தார்கள். தப்புச் செய்தவன் பைக்கில் சாய்ந்துகொண்டு போனில் படம் எடுத்தான்.

முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, இது என்ன கூத்து சார், அவனுக்கு நாலு அறை விட்டிருக்கலாமே என்றேன்.

"பொறந்ததுலேர்ந்து அடி வாங்கிக்கினு கீறானுங்க யக்கா. ஊட்டுல அடி, ஸ்கூல்ல அடி, ஸ்டேஷன்ல அடி. நானும் ஒண்ணு வச்சா, யாரு வச்சதுன்னு கூட ஞாபகம் இருக்காது அவனுங்களுக்கு."

அன்றிலிருந்து அவர் பெயர் தோப்புக்கரணம் சார்.

பையன்களுக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது. சார் குந்துவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தப்புச் செய்தார்கள். பூசணிக்காயைத் திருடினார்கள், அவர் தோட்டக்காரர் வாசலில் குந்தினார். கல்யாண மண்டபத்தில் அழைப்பில்லாமல் பந்தியில் உட்கார்ந்தார்கள், அவர் மணமேடைக்கு எதிரே குந்தினார். பொண்ணு வீட்டார் இது மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் அது பொண்ணு வீட்டு வழக்கம் என்றும் நினைத்து வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினார்கள். பையன்கள் எடுத்த படம் போன் போனாகப் போய், விழுப்புரத்திலிருந்தெல்லாம் அவரைப் பார்க்க ஆள் வந்தது.

இதில் பெரிய கூத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடந்தது. அங்கே ஒரு பாத்திரக்கடைக்காரரின் நீளமான காம்பவுண்டு சுவர். பையன்கள் ஒன்றுக்குப் போகிற இடம் அது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக முடியும். கடைக்காரர் வெளியூரில் இருந்ததால் சார் நேரே சுவரிடமே மன்னிப்புக் கேட்கப் போய்விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குந்தி எழுந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மேல்மலையனூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒரு மனுஷர் இவ்வளவு உருக்கமாகக் குந்துகிறார் என்றால் அங்கே பிள்ளையார் இல்லாமல் இருப்பாரா? செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களும் காதைப் பிடித்தார்கள். ஒருத்தி தலையிலிருந்த பூவை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். இன்னொருத்தி குங்குமம் வைத்தாள்.

மறுநாள் மஞ்சள் பூசிய ஒரு கல் வந்தது. அடுத்த வாரம் பிள்ளையார் படம் போட்ட டைல்ஸ் பதிந்துவிட்டது. கடைக்காரர் ஊரிலிருந்து வந்து பார்த்தால் சுவரில் விளக்கு எரிகிறது, முன்னால் கூட்டம் நிற்கிறது. அவர் சண்டை போடத்தான் வந்தார். டைல்ஸைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டுவிட்டது. அப்புறம் எப்படி இடிப்பார்? இன்றைக்கு அந்தப் பிள்ளையாருக்குச் சுவர்ப் பிள்ளையார் என்று பெயர். நான் கேலியாகச் சொல்லவில்லை. என் மகள் பிரசவத்துக்கு நானே அங்கே வேண்டிக்கொண்டு விளக்குப் போட்டிருக்கிறேன். சுகப்பிரசவம். யார் வைத்தால் என்ன, வந்து உட்கார்ந்துவிட்டால் அவர் பிள்ளையார்தான்.

அந்தச் சுவரை நாறடித்த பையன்களில் ஜோசப் என்று ஒருவன். கூட்டம் சேருவதைப் பார்த்துவிட்டு அங்கேயே செருப்புப் பாதுகாக்கும் இடம் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போகணும் என்று லீவு விடுவான். இப்போது யாராவது அந்தச் சுவர்ப் பக்கம் ஒதுங்கினால் முதலில் அடிக்கப் பாய்வது அவன்தான். தப்பு, அடிக்கப் பாய மாட்டான். அடித்தால் சார் வந்து குந்துவார் என்பதால் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வான்.

ஏனென்றால் அதற்குள் சாரின் முட்டி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அவர் குந்தும்போது மல்லாட்டை உடைகிற மாதிரி ஒரு சத்தம், எழும்போது ஒரு சத்தம். ஒருநாள் தியேட்டர் வாசலில் குந்தினவர் எழவே இல்லை. நான்கு பேர் சேர்ந்து மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். போனில் படம் எடுத்த ஒருத்தனுக்கு மற்றவர்கள் கொடுத்த பார்வையில் அவன் படத்தை அழித்துவிட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சண்டை சச்சரவெல்லாம் சாரின் முட்டியைப் பொறுத்து நடந்தது. இரண்டு பேருக்குள் கைகலப்பு வருகிற மாதிரி இருந்தால், சாருக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்தன் ஓடிப்போய்ப் பார்த்து வருவான். வீங்கியிருக்கிறது என்றால் சண்டையைத் தள்ளிப் போடுவார்கள். தள்ளிப் போட்ட சண்டை மறந்துபோகும். மறக்காதவர்கள் ஜோசப்பிடம் போய்ச் சுவர்ப் பிள்ளையார் முன்னால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். மருந்துக்கடைக்காரர் சொல்வார், சார் தைலம் வாங்க வரவில்லை என்றால் ஊர் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

சைலன்சர் பைக்கில் சைலன்சரை மாட்டினான். லைசென்ஸ் எடுக்க சார் அவனை எத்தனையோ முறை அழைத்துக்கொண்டு அலைந்தார், எடுத்துவிட்டான். எஞ்சினைப் பிரித்துக் கோப்பதில் அவன் கை நல்ல கை. ஆனால் வேலை மட்டும் அமையவில்லை. எந்த ஒர்க் ஷாப்பில் கேட்டாலும் அண்ணன் பேரைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தனம் என் வீட்டு வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டே அழுவாள். பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் அண்ணன் விட்ட வேலையைச் செய்ய வா என்று அவனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

கடைசியில் குயிலாப்பாளையத்தில் ஓர் இடம் வந்தது. ஆரோவில்லுக்கு வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற ஒரு அம்மா. அவன் வேலையைப் பார்த்து அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு கண்டிஷன். கடையில் நிற்கிற வண்டியெல்லாம் இவன் கையில்தான் இருக்கும். அதனால் அவன் தெருவிலிருந்து ஒரு குடும்பஸ்தர் நேரில் வந்து, இவனை நம்பிச் சாவி கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்.

சார் தெரு முழுக்க வீடு வீடாகப் போனார். எல்லாரும் காபி கொடுத்தார்கள். ஒருத்தரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. மிஞ்சியது என் வீட்டுக்காரர். அவரோ சார் வாய் திறக்கும் முன்பே முடியாது என்றுவிட்டார். சைலன்சர் ஒருமுறை அவருடைய ஸ்கூட்டரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு மரக்காணம் கடற்கரைக்குப் போய், பெட்ரோல் இல்லாமல் மணலோடு கொண்டுவந்து விட்டான். அதை அவர் மறக்கவே இல்லை. நானும் சொல்லிப் பார்த்தேன். சாமிக்கு விளக்கேற்றுகிற வேலையைப் பார் என்றார்.

வியாழக்கிழமை காலை. நான் கோலம் போட்டு முடித்துத் தலை நிமிர்கிறேன், எதிரே தோப்புக்கரணம் சார். காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், இன்னொரு தடவை குந்தினால் அப்புறம் நடக்கிற வேலையே உனக்கு இல்லை என்று. சார் குந்தப் போனார். சந்திலிருந்து பையன்கள் ஓடி வந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கீழே போகப் பார்க்கிறார், இவர்கள் மேலே தூக்குகிறார்கள். காலை நேரத்தில் என் வாசலில் இப்படி ஒரு இழுபறி. என் கோலம் போயிற்று. பால்காரர் வந்தவர், பழக்கதோஷத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டுக் காதைப் பிடித்தார். என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு படியில் நின்று, என்னய்யா பேஜாராப் போச்சு என்று முணுமுணுத்தார்.

அப்போது சைலன்சர் முன்னால் வந்தான்.

"சாரு குந்தத் தேவல. நான் சொல்லிடறேன். அண்ணே, ஒங்க ஸ்கூட்டர எடுத்தது தப்பு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிறான் போல. ஆரம்பித்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

"அது மட்டும் இல்லண்ணே. பொங்கலுக்கு ஒங்க வாசல்ல கட்டியிருந்த கரும்பும் நாந்தான். சாக்குக் கடையில சைக்கிள் பம்பு காணாம போச்சுல்ல, அதுவும் நாந்தான்."

ஜோசப் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். சார் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பயன் இல்லை.

"வெயில் காலத்துல ஒங்க மாடி டேங்குல எறங்கிக் குளிச்சிக்கினு இருந்ததும் நாந்தாண்ணே."

என் வீட்டுக்காரர் காபி டம்ளரைப் பார்த்தார். அதைக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளு?"

"வெயில் கொறையற வரைக்கும்ண்ணே."

நான் அந்தத் தண்ணீரில்தான் தெருமுக்குப் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தேன். சிவ சிவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் சொல்வானேன் என்று அப்புறம் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே போனார். கம்பு எடுத்துவரத்தான் போகிறார் என்று பையன்கள் இரண்டடி பின்னால் போனார்கள். சைலன்சர் மட்டும் நகரவில்லை. தனம் சந்து முனையில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் வெளியே வந்தபோது சட்டை மாட்டியிருந்தார். கையில் அதே ஸ்கூட்டரின் சாவி. அதை அவனிடம் போட்டார்.

"ஓட்டு. கொயிலாப்பாளையம் போவணும். கல்லுல உட்டே, அங்கியே எறங்கிடுவேன்."

இவர் யார் பின்னாலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, என் பின்னால் நிற்பதுகூடக் கோயில் வரிசையில்தான். அன்றைக்கு அவன் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரம் போனார். கடைக்கார அம்மா அவரை உட்கார வைத்து, பையன் எப்படி என்று கேட்டாராம். அவர் சொன்ன பதிலை வந்து என்னிடம் சொன்னார்.

"மோசமான பயதாம்மா. ஆனா ஒண்ணு, எதையும் மறைக்கத் தெரியாது. நீங்க கேக்காததையும் சொல்லி வயித்தெரிச்சலக் கொட்டிக்குவான். நம்பிச் சாவியக் குடுக்கலாம்."

மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டான். சேர்ந்த அன்றைக்கே இரண்டு வண்டியின் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, மூன்றாவதைக் கெடுத்துவிட்டு, அதையும் அந்த அம்மாவிடம் தானே போய்ச் சொல்லிவிட்டானாம். அந்த அம்மா சிரித்தாராம். தனம் இப்போதும் மல்லாட்டை உடைக்க வருகிறாள். கை உடைக்கும், வாய் மகன் புராணம் பாடும்.

வாக்கு நிறைவேறியதும் சார் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் முட்டி ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டார். அன்றைக்குக் காலையில் சைலன்சர் லீவு போட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றான். "யக்கா, பெருமுக்கல் கோயில்ல சாருக்கு ஒரு அர்ச்சன பண்ணணும். எனுக்கு அதெல்லாம் எப்புடிப் பண்றதுன்னு தெரியாது, நீங்க வாங்க" என்றான். தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் மலை ஏறினோம்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்று கேட்டார். நான் சைலன்சரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவர் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வாடகைக்கு இருந்தவர், தினம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர், சார் என்று தவிர வேறு கேட்டதே இல்லை. சைலன்சர் போனை எடுத்துப் பார்த்தான். அதில் தோப்பு என்று போட்டிருந்தது. அவரையே கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

"தோப்புக்கரணம்னே சொல்லுங்க சாமி, ஆண்டவனுக்குப் புரியும்" என்றேன். குருக்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, நட்சத்திரம் என்றார்.

சைலன்சர் போனை மறுபடியும் கையில் எடுத்தான்.

"அவரு நட்சத்திரம் தெரியாது சாமி. எங்களுத எல்லாத்தயும் போட்டுக்கங்க."

சொல்லிவிட்டு ஒவ்வொருத்தனுக்காகப் போன் போட ஆரம்பித்தான். அவனவன் அவனவன் அம்மாவைக் கேட்டுச் சொல்லச் சொல்ல, இவன் உரக்கச் சொன்னான். ரோகிணி, சித்திரை, மறுபடியும் ரோகிணி. ஒருத்தன் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை, மழை பெய்த நாள் என்று மட்டும் சொன்னாளாம், அதையும் சொன்னான். ஜோசப்புக்கு நட்சத்திரம் கிடையாது சாமி, அவன் சர்ச்சுல பாத்துக்கறேன்னான் என்றான். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குருக்கள் ஒவ்வொன்றையும் மந்திரத்தில் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எல்லாம் முடிந்து தேங்காய் உடைக்கக் கை ஓங்கினார். கொஞ்சம் இருங்க சாமி என்று தடுத்து, என் வீட்டுக்காரருடையதையும் என்னுடையதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.